'காஞ்சனா'வும் எமது சிரிப்பும்

பேய்ப்படம் ஒன்றைப் பற்றி எழுத ஓர் இலக்கியச் சஞ்சிகையில் இடமுண்டா என்று அன்பர்கள் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். சில மாதங்களுக்கு முன்னர் நாமும் அவ்வாறே முகஞ் சுளித்தவர்கள்தாம். சண்டிலிப்பாயில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில், ஆசிரியர்களும் உயர்தர வகுப்பு மாணவர்களும் ஊரவர்களுமாக அறுபது பேர்வரை கூடியிருந்த ஒரு மாலைப்பொழுதில், ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா'வைத் திரையிட்டோம். அதைப் பாராட்டுவது எமது நோக்கமாக இருக்கவில்லை. மூடநம்பிக்கையை விற்றுப் பணம் பண்ணும் வணிக சினிமாவுக்கு இதோ ஓர் உதாரணம் என்று காட்டி, படம் முடிந்ததும் மாணவர்களுக்கு நாலு வார்த்தை எடுத்துரைப்பதே திட்டம். பேச வேண்டியவற்றைக் குறிப்பெழுதியும் வைத்திருந்தோம். அந்தக் குறிப்பைக் கையில் எடுக்கும் தேவை ஏற்படவில்லை. ஏன் ஏற்படவில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

2011 ஜூலையில் வெளிவந்த இப்படம், 2007இல் வந்த 'முனி'யைத் தொடர்ந்த வரிசையில் இரண்டாவது. கதையை அறியாதோருக்காகச் சுருங்கக் கூறுவோம். ராகவன் என்ற வாலிபன் இருளைக் கண்டால் நடுங்குபவன். இரவில் எழுந்து வெளியே போகவும் தாயின் துணை வேண்டும். அவனும் நண்பர்களும் கிரிக்கெட் ஆடப் போன பாழ்நிலம் ஒன்றில், கொன்று புதைக்கப்பட்ட மூவரின் உடல்கள் கிடக்கின்றன. அவன் ஊன்றிய விக்கெட் கம்பில் அந்த மண்ணின் இரத்தம் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. அதனுடன் ஆவிகளும் வருகின்றன. கொல்லப்பட்டவர்களுள் முதன்மையானவள் காஞ்சனா என்ற திருநங்கை. பெற்றோரால் விரட்டப்பட்டு, ஏழை முஸ்லிம் ஒருவரின் ஆதரவில் வளர்ந்து, தன் உழைப்பால் தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையை வைத்தியப் படிப்புப் படிக்கவைத்து, ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்டவென்று நிலமும் வாங்கியவள். அந்த நிலத்தை அதிகார பலம் கொண்ட அரசியல்வாதி ஒருவன் பறிக்கிறான். தட்டிக் கேட்டவளையும், ஆதரவளித்தவரையும், அவருடைய மனவளர்ச்சி குன்றிய மகனையும் கொன்று அதே நிலத்திற் புதைக்கிறான். ராகவனின் உடலிற் புகுந்து காஞ்சனா பழிதீர்க்கிறாள். காஞ்சனாவாக நடித்தவர் சரத்குமார். ராகவனின் தாயாகக் கோவை சரளா.

படத்தைப் பற்றி எழுதியவர்கள் சரத்குமாரின் நடிப்பை மெச்சினர். கோவை சரளாவின் நகைச்சுவையை ரசித்தனர். கூச்சலும் ஆர்ப்பாட்டமும் மிகுதி என்று குறை கூறினர். ஜனங்களோ தியேட்டர்களை நிறைத்தனர். அதன்பின் தமிழ் சினிமாவில் பேயும் சிரிப்பும் கலந்த படங்கள் வரிசை வரிசையாக வந்தன. 2014இல் 'யாமிருக்க பயமே', 'அரண்மனை'. 2015இல் 'காஞ்சனா 2'. 2016இல் 'தில்லுக்கு துட்டு'. 2019இல் வந்த 'காஞ்சனா 3'ஐ விமர்சகர்கள் ஏறத்தாழ ஒருமுகமாகச் சாடினர். அது வசூலிற் குறைவின்றி ஓடியது. 2024இன் முற்பாதியில் தமிழகத் தியேட்டர்கள் கூட்டமின்றிக் கிடந்தபோது, ஆட்களை மீண்டும் உள்ளே அழைத்துவந்த படங்களுள் முக்கியமானது 'அரண்மனை 4'.

இந்த முரண்பாட்டுக்கு இருவிதமான விளக்கங்கள் வழக்கில் உள்ளன. விமர்சகர், ஜனங்களின் ரசனை தாழ்ந்துவிட்டது என்கிறார். தயாரிப்பாளர், ஜனங்கள் கேட்பதையே தருகிறோம் என்கிறார். ஒருவர் ஜனங்களை இகழ்கிறார், மற்றவர் புகழ்கிறார். ஆயினும் இருவரும் 'ஜனங்கள்' என்பதை ஒரே வாயும் ஒரே வயிறும் கொண்ட பிண்டமாகவே எண்ணுகின்றனர். எம்மைப் போன்ற முற்போக்காளரின் விளக்கம் மூன்றாவது: பேய் என்பது பொய், பொய்யைக் காட்டும் படம் பிற்போக்கானது, அதை ரசிப்பவன் மயக்கத்தில் உள்ளவன். கேட்பதற்கு இது தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் எமது வீட்டுச் சொத்துக்கள் பலவற்றையும் தெருவில் எறிய நேரிடும்.

கலிங்கத்துப்பரணியை எடுத்துக்கொள்வோம். ஜெயங்கொண்டார் படைத்த பேய்கள் அச்சுறுத்துவதிலும் பார்க்கச் சிரிக்கவைப்பதே அதிகம். பசியால் உலர்ந்து காளியிடம் முறையிடுகின்றன. போர் முடிந்த களத்திலே கூழ் அட்டு உண்கின்றன. கூழுக்கு வந்து நிற்கும் பேய்களுள் பார்ப்பனப் பேய் உண்டு, சமணப் பேய் உண்டு, புத்தப் பேயும் உண்டு. வாழ்வோரின் சமயமும் ஆசாரமும் செத்த பின்னரும் பேய்களை விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காட்டி நகைத்த அந்தப் புலவன் ஏறத்தாழத் தொளாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவன். எம் காலத்துக்கு அண்மையில் வந்தால், புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இருக்கிறது. பெயர் ஒற்றுமை தற்செயலானதாக இருக்கலாம். ஆனால் தமிழ்ச் சிறுகதையின் தலைசிறந்த யதார்த்தவாதி பேய்க்கதை எழுதினார் என்பதற்காக அவரைப் பிற்போக்காளர் என்பார் யார்? 1848ஆம் ஆண்டுக் கம்யூனிஸ்ட் அறிக்கையே ஐரோப்பாவில் உலாவும் பூதம் ஒன்றைச் சுட்டித்தானே தொடங்குகிறது! பேய் உண்டா இல்லையா என்பது விஞ்ஞானத்தின் கேள்வி. அதற்கு விடை கிடைத்துவிட்டது. இந்தப் பேய் யாருடையது, எதற்காக வந்தது என்பதே கலை விமர்சகனின் கேள்வி.

எமது ஊர்க் கதைகளிற் பேயாக வருபவர் யாவர்? பிள்ளைப்பேற்றில் மாண்ட பெண், மாமியார் கொடுமையாற் கிணற்றில் விழுந்த மருமகள், இரவில் அடித்துக் கொல்லப்பட்ட கூலியாள். கட்டிலிற் கிடந்து, மக்கள் சூழ, அந்தியேட்டிக் கிரியைகள் குறைவின்றி நடக்கப்பெற்றுப் போன பெரிய காணிக்காரர் எவரும் புளியடியில் நின்று வழிமறித்ததாக நாம் கேட்டதில்லை. உயிரோடிருந்தபோது வழக்கு வைக்க முடியாதவர்களே செத்த பின்னர் வந்து வழக்காடுகிறார்கள். பரிகாரியைக் கூப்பிட்டுக் கழிப்புக் கழித்தவர்கள் அந்த வழக்கைக் கேளாமலே தள்ளுபடி செய்தனர் என்றுங் கூறலாம்.

இனி, வாசிகசாலை மண்டபத்துக்கு வருவோம். படம் ஓடிய நேரத்தில் நாம் திரையைப் பார்த்ததிலும் பார்க்க, பார்த்தவர்களைப் பார்த்ததே அதிகம். சிரிப்பு எங்கே எழுந்தது, எங்கே அடங்கியது என்பதைக் கவனித்தோம்.

முதலில் எழுந்தது பெண்களின் சிரிப்பு. வளர்ந்த ஆண்பிள்ளை தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடுங்கும் காட்சிகளில், பாய்களில் அமர்ந்திருந்த தாய்மார் வயிறு குலுங்கச் சிரித்தனர். வீட்டில் அதட்டுபவனின் உள்ளே ஒளிந்திருக்கும் கோழையை அவர்கள் நன்கறிவர். இந்தச் சிரிப்பில் நாம் குற்றங்காண மாட்டோம். ஆண்மை என்ற வீறாப்பைச் சற்றே கீழிறக்கும் சிரிப்பு அது.

பாழ்நிலக் காட்சி வந்தது. விக்கெட் கம்பு மண்ணில் இறங்குகிறது. அடியில் உடல்கள் கிடக்கின்றன. படத்தை எடுத்தவர்கள் திகிலூட்டுவதற்கென்று அமைத்த இடம் இது. பார்ப்பவன் திடுக்கிட்டு, அடுத்த கணம் சிரித்துவிடவேண்டும் என்பதே அவர்களின் கணக்கு. இங்கே எவரும் திடுக்கிடவில்லை, சிரிக்கவுமில்லை. மண்டபம் ஓய்ந்து போயிற்று. பின்வரிசையில் மூதாட்டி ஒருவர், எவருக்கென்றில்லாமல், "உந்த நிலத்தையும் ஒருக்காக் கிண்டிப் பாக்கத்தானே வேணும்" என்றார்.

அந்த வார்த்தையின் பாரத்தை யாழ்ப்பாணத்தாருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. சண்டிலிப்பாயிலிருந்து சில மைல் தூரத்தில் உள்ளது செம்மணி. புதைகுழிகள் உண்டென்று 1998இல் வெளிப்பட்டு, 1999இல் பதினைந்து உடல்களின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. கால்நூற்றாண்டு கழிந்து 2025இல், அதே செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுட் குழந்தைகளுடையவையும் இருந்தன. 1995 அக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. திரும்பி வந்தவர்கள் பாழ்வீடுகளைக் கண்டனர். வடக்கே பல கிராமங்களின் காணிகள் பல்லாண்டுகள் முட்கம்பிக்கு அப்பாலே கிடந்தன. பறிக்கப்பட்ட காணி, அதன் அடியிற் புதைந்த உடல், அதைக் கேட்க ஆளில்லாத நிலை: சென்னையில் இருந்த விமர்சகருக்கு இது பழிவாங்கற் கதையின் தேய்ந்த சட்டகம். சண்டிலிப்பாயின் மூதாட்டிக்கு அது பத்திரிகைச் செய்தி. ஒரே படம் ஈரிடங்களில் ஈரு படமாகும் என்பதை விமர்சகர் மறந்துவிடலாகாது.

மிகப் பெரிய சிரிப்பு எழுந்தது அதற்குப் பின்னர்தான். காஞ்சனாவின் ஆவி புகுந்த ராகவன் மஞ்சள் பூசிக் குளிக்கிறான், வளையல் அணிகிறான், சேலை உடுத்து நடக்கிறான். மாணவர்கள் இருக்கையை விட்டெழுந்து ஆரவாரித்தனர். ஆசிரியர்கள் சிரித்தனர். மறைப்பதற்கில்லை, நாமும் சிரித்தோம். அடுத்த அரைமணி நேரத்துள் காஞ்சனாவின் வாழ்க்கை திரையில் விரிந்தது. அவள் விரட்டப்பட்டதையும், உழைத்ததையும், கொல்லப்பட்டதையும் கண்டு அதே மண்டபம் கண்ணீர் விட்டது.

படம் முடிந்தது. நாம் பேச எழுந்தோம். எழுமுன்னரே உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி கையுயர்த்தினாள். "சேர், பிறகு அழுததும் முன்னுக்குச் சிரிச்சதும் ஒரே ஆளைப் பாத்துத்தானே?" என்று கேட்டாள்.

எமது குறிப்பில் இதற்கு விடை இருக்கவில்லை. ராகவனின் உடலில் நின்று மஞ்சள் பூசியவளும் காஞ்சனாதான். நிலத்தில் விழுந்து மடிந்தவளும் காஞ்சனாதான். நாம் ஒருத்தியையே இருமுறை பார்த்தோம். யாரென்று தெரியாதபோது சிரித்தோம், தெரிந்தபோது அழுதோம். படம் இந்த இரண்டையும் விற்றது. முற்பாதியின் இலாபம் அவளை இழிவுசெய்யும் சிரிப்பிலிருந்தும், பிற்பாதியின் இலாபம் அவளுக்காகச் சிந்தும் கண்ணீரிலிருந்தும் வந்தது. நாம் தேடிய பிற்போக்கு, பேயில் இருக்கவில்லை. எமது வாயிலேயே இருந்தது.

அந்தச் சிரிப்பு இயல்பானது, ஆண் சேலை உடுத்தால் எவருக்குஞ் சிரிப்பு வரும் என்று ஓர் ஆசிரிய நண்பர் வாதிட்டார். வரலாறு அவருக்கு எதிராக இருக்கிறது. நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நின்ற மயான காண்டத்தை விடிய விடிய இருந்து பார்த்தவர்கள் இவ்வூர்களில் இன்றும் உள்ளனர். அந்த மேடை மரபிற் பெண்பாத்திரங்களை ஆண்களே ஏற்றனர். மகனின் சடலத்தோடு சந்திரமதி சுடலைக்கு வருகையில் அந்தச் சேலையைக் கண்டு சிரித்தவர் யார்? சிரித்திருந்தால் பக்கத்தில் இருந்தவர் சும்மா விட்டிருப்பாரா? எனவே, இந்தச் சிரிப்பு பிறவியில் வந்ததன்று, கற்றுக்கொண்டது. பல்லாண்டுகளாகச் சினிமா அதைக் கற்பித்தது. பாடசாலைகளில் நாம் அதை அனுமதித்தோம்.

இக்கதையின் பிற்காலப் பயணமும் இதையே உறுதிசெய்கிறது. 2020 நவம்பரில் லாரன்ஸே இதை இந்தியில் 'லக்ஷ்மி' என்று எடுத்தார். அக்ஷய் குமார் நாயகன். கொரோனாக் காலமாதலால் தியேட்டருக்கு வராமல் இணையவழி வெளியானது. இந்தி நாயகன் கோழையல்லன். போலிச் சாமியார்களை அம்பலப்படுத்தும் பகுத்தறிவாளன். முற்போக்காளர் மனம் மகிழவேண்டிய மாற்றமல்லவா? ஆனால் அந்தப் பகுத்தறிவாளன் என்ன சபதம் செய்கிறான்? பேயைக் கண்ணாற் கண்டால் கையில் வளையல் போட்டுக்கொள்வானாம். பேயை மறுத்தவன், பெண்ணாக இருப்பது இழிவு என்பதை மறுக்கவில்லை. விமர்சகர்கள் படத்தைக் கடுமையாகக் கண்டித்தனர். பார்வையாளரும் தமிழுக்குக் கிடைத்த வரவேற்பை அதற்கு அளிக்கவில்லை. வெளியீட்டுக்கு முன்னர் எழுந்த பெரும் எதிர்ப்போ, தேவியின் பெயரோடு 'வெடிகுண்டு' என்ற சொல்லைச் சேர்த்ததற்காக! தலைப்பு மாற்றப்பட்டதும் எதிர்ப்புத் தணிந்தது. தெய்வத்தின் பெயருக்குக் கொதித்தவர்கள் உயிருள்ள திருநங்கையர் சித்திரிக்கப்பட்ட முறைக்காகக் கொதித்ததாக நாம் அறியோம்.

இலங்கையிலே 2016இல் இதே கதை 'மாயா' என்ற பெயரிற் சிங்களத்தில் வந்தது. இயக்கியவர் டொனால்ட் ஜயந்த. திருநங்கை வேடத்தில் ரஞ்சன் ராமநாயக்க. தமிழனின் பேய் சிங்களவனின் வீட்டிலும் அதே சிரிப்பையும் அதே கண்ணீரையும் கேட்டது. மொழி எல்லையை இவ்வளவு எளிதாகக் கடந்த கதை, இரு சமூகங்களும் இவ்விடயத்தில் ஒரே கல்வியைப் பெற்றவை என்பதைக் காட்டுகிறது.

மாறாக, 2011இலேயே திருநங்கையான கல்கி சுப்பிரமணியம் முதன்மைப் பாத்திரமேற்ற 'நர்த்தகி' வெளிவந்தது. அங்கே பேயில்லை, வேடமில்லை, வாழும் ஒருத்தியின் கதை மட்டுமே. அதைப் பார்த்தவர்கள் யாரென்று மண்டபத்திற் கேட்டோம். ஒரு கையும் உயரவில்லை.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால், படத்தைக் கண்டித்துக் கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் எமது மனதை உறுத்திய ஒன்றை வாசகரிடம் ஒப்புக்கொள்ளாமல் விடுவது நேர்மையாகாது.

2011ஆம் ஆண்டளவில் நாம் படிப்பித்த வகுப்பொன்றில் மாணவன் ஒருவன் இருந்தான். அன்று அவ்வாறே இடாப்பில் எழுதியிருந்தது. மென்மையான நடை, கணிதத்திற் கெட்டித்தனம், அழகிய கையெழுத்து. 'காஞ்சனா'வின் சீடி ஊரெல்லாம் சுற்றிய நாட்களில், சக மாணவர்கள் அப்பெயரையே அவனுக்குச் சூட்டினர். இடைவேளையில் அழைத்தனர், வகுப்பில், எமது முன்னிலையிலும் அழைத்தனர். நாம் அதட்டினோமா? ஒருமுறை, "சரி, சரி, பாடத்தைக் கவனியுங்கோ" என்றோம். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னோம் என்பதும் நினைவிருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரே அந்தப் பிள்ளை பாடசாலையை விட்டு நின்றது. ஏன் நின்றது என்று வீடு தேடிப் போய்க் கேட்டவர் எம்மில் ஒருவருமில்லை.

இன்று அவர் மானிப்பாய்ப் பக்கத்தில் தையல் வேலை செய்து வாழும் பெண். திரையிடல் நடந்து சில நாட்களின் பின்னர் அவரைத் தேடிச் சென்றோம். வாசலிற் கண்டதும், "வாங்கோ சேர்" என்று இருத்தித் தேநீர் தந்தார். பழைய குற்றத்தைச் சொல்லி, அந்தப் படம் உங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்று தொடங்கினோம். அவர் தையல் மெசினிலிருந்து தலை நிமிர்த்தினார்.

"பெயர் சொல்லிக் கூப்பிட்டதுதான் நொந்தது, சேர். படம் நோகேல்லை. அதை நான் ஏழெட்டுத் தரம் பாத்தனான். எங்களைப் பாத்து மற்றவை பயப்பிட்டது அந்தப் படத்திலை மட்டுந்தான். மற்றப் படமெல்லாத்திலையும் நாங்கள்தான் பயந்து ஓடுறனாங்கள்."

எமது திட்டம் முதலில் மாணவியின் கேள்வியால் உடைந்தது; எஞ்சியிருந்த தீர்ப்பு இந்த வார்த்தையால் உடைந்தது. விமர்சகர் கூச்சல் என்று கண்ட இடத்தில், நாம் மூடத்தனம் என்று கண்ட இடத்தில், பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று இருட்டில் அமர்ந்து முதுகு நிமிர்த்தியிருக்கிறது. அந்த ஏழெட்டுத் தடவைகளும் எந்த விமர்சனத்திலும் பதிவாகவில்லை. வசூற் கணக்கில் அவை சில நுழைவுச் சீட்டுகள், அல்லது ஒரு திருட்டுச் சீடி. ரசிகர் என்று நாம் பொதுவாகச் சொல்லும் கூட்டத்துள், சிரித்தவரும் சிரிக்கப்பட்டவரும் அருகருகே அமர்ந்திருந்தனர்.

ஆகவே படம் முற்போக்கானது என்று தீர்ப்பை மாற்றி எழுதிவிடலாமா? அதுவும் ஆகாது. அவர் பெற்ற நிமிர்வு உண்மை. அந்தப் படத்தால் அவர் பெற்ற பட்டப்பெயரும் உண்மை. இரண்டையும் ஒன்றாகவே கொள்ளவேண்டும். காஞ்சனா வென்றாள், ஆனால் செத்த பின்னரே வென்றாள். உயிரோடிருந்தபோது அவளுக்கு நிலமும் இல்லை, நீதியும் இல்லை. வெல்வதற்கும் ஓர் ஆணின் உடலை இரவல் வாங்க வேண்டியிருந்தது. திரையில் அவளாக நின்றவரும் திருநங்கையல்லர். புகழ்பெற்ற ஆண் நட்சத்திரம். வாழ்பவருக்கு இடங் கொடுக்க மனமில்லாத சமூகம், ஆவிக்கு மட்டும் கைதட்டிப் பழகிவிட்டது.

வாழ்பவருக்கு வேண்டுவது மிகச் சாதாரணமான பொருட்கள். இலங்கையில் 2016 முதல் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புப் பதிவைத் திருத்திக்கொள்ள வழியுண்டு. எமது பழைய மாணவி அதற்காக அலைந்துகொண்டிருக்கிறார். அலுவலகம் ஒன்றில், பலர் முன்னிலையில், பழைய ஆண்பெயரை உரக்கக் கூப்பிட்டார்களாம். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்களாம். அங்கே திரையில்லை, பேயில்லை, இசையில்லை. சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் போய்விட்டனர்; 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம், 365அ பிரிவுகள் ஒருபாலுறவைக் குற்றமாக்கியபடி ஏட்டில் இருக்கின்றன; அவற்றின் நிழல் திருநர் மீதும் விழுகிறது. 2023இல் உயர்நீதிமன்றம், அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என்று கூறிய பின்னரும் திருத்தம் நிறைவேறவில்லை.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பேய்ப்படத்தைப் பார்க்காதே என்று மாணவனிடம் சொல்வதாற் பயனில்லை. அவன் பார்க்கத்தான் போகிறான். கூடவே இருந்து பார்ப்போம். எங்கே சிரித்தாய், ஏன் சிரித்தாய் என்று கேட்போம். அதே கேள்வியை முதலில் எம்மையும் கேட்டுக்கொள்வோம். வகுப்பில் யாரையேனும் பட்டப்பெயர் சொல்லி அழைக்கும்போது, பாடத்தை நிறுத்துவோம். நாம் அன்று நிறுத்தவில்லை. அதனால் ஒரு பிள்ளையின் கணிதம் பாதியில் நின்றது.

விடைபெறும்போது, அடுத்த திரையிடலுக்கு வரவேண்டுமென்று அவரை அழைத்தோம். "எந்தப் படம், சேர்?" என்று கேட்டார். 'நர்த்தகி' என்றோம். சற்று யோசித்து, "முன்வரிசையிலை இருக்கலாமோ?" என்றார். இருக்கலாம் என்றோம். மண்டபத்துக்குத் திகதி குறித்துவிட்டோம்.